முறைப்பாடும் இலக்கியமும்: முல்லோயா முதலாக ஒரு திறனாய்வு நோக்கு

1

மலையகத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தியாகிகளின் பட்டியல் ஒன்றைக் காணாது அப்பாற் செல்லுதல் அரிது. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன் அப்பட்டியலின் முதலிடத்தில் நிற்கிறார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திற் பலியான சிவனு லட்சுமணனின் பெயரும் அதில் உண்டு. தொழிற்சங்க மேடைகளிலும் மேதின மலர்களிலும் நினைவுக் கவிதைகளிலும் இப்பெயர்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்வதற்கு இப்பட்டியல் உதவியது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் பட்டியலும் ஓர் இலக்கிய வடிவமே. ஒவ்வொரு வடிவமும் சிலவற்றைக் காட்டும், சிலவற்றை மறைக்கும். தியாகிகளின் பட்டியல் ஒரு மனிதன் இறக்கும் கணத்தைக் காட்டுகிறது; அதற்கு மறுநாள் நிகழ்ந்தவற்றை அது காட்டுவதில்லை. கணவனைப் பறிகொடுத்த பெண் யாரிடஞ் சென்று முறையிட்டாள்? அவளது வாக்குமூலத்தை யார், எம்மொழியில் எழுதினார்? சுட்டவர்மீது வழக்குத் தொடர வழியிருந்ததா? நட்டஈடு கேட்க அவளால் இயன்றதா? இவ்வினாக்களுக்கு வரலாற்று நூல்களிலே சிதறிய விடைகள் உள. நமது ஆக்க இலக்கியத்தில் விடை அரிதாகவே உளது. துப்பாக்கியைப் பாடிய இலக்கியம் முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பாடவில்லை. இது ஏன் நேர்ந்தது, இதனால் நமது யதார்த்தவாதம் இழந்தது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

கண்டியும் அதன் சுற்றுப்புறமும் இவ்வாராய்ச்சிக்குக் களமாக அமைவது தற்செயலானதன்று. மலைத் தோட்டங்களும், அத்தோட்டத்தவர் ஏறியிறங்கும் நீதிமன்றங்களும், இவ்விரண்டையும் பற்றி எழுதவல்லோரைக் கொண்ட பல்கலைக்கழகமும் சில மைல்களுக்குள் அடுத்தடுத்து அமைந்த பிரதேசம் இது. எழுதப்படாமைக்குத் தூரத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது.

2

முதலில் முல்லோயா நிகழ்ச்சியின் போக்கைச் சுருக்கமாக நோக்குவோம். 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, அப்பத்தாண்டின் இறுதியில் தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க வேலையை மேற்கொண்டது. உலக யுத்தம் தொடங்கி, தேயிலைக்கும் இறப்பருக்கும் தேவை பெருகிய வேளையிலே தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்த அலையொன்று எழுந்தது. முல்லோயாத் தொழிலாளர் கேட்டது நாளொன்றுக்குப் பதினாறு சதக் கூலி உயர்வு. அவர்களுக்குக் கிடைத்த விடை கோவிந்தனின் உடலிற் பாய்ந்தது.

இதன் பின்னரே நமது கவனத்துக்குரிய நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. பொதுமக்கள் கிளர்ச்சியின் நெருக்குதலால் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. ஆணைக்குழுவின் முன்னிலையிற் கோவிந்தனின் விதவைக்காகத் தோன்றியவர் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளுக்கும் பொலிசாருக்குமிடையே நிலவிய உறவை அவர் சாட்சிகளின் வாய்மூலமாகவே வெளிக்கொணர முயன்றார். தோட்டத்துப் பெண்ணொருத்தி, குடியேற்ற ஆட்சியின் பொலிசுக்கு எதிரே ஒரு தரப்பினளாக, தனக்கென வாதிடுவோர் ஒருவருடன் நின்றமை அக்காலச் சூழலில் எளிய செய்தியன்று. துரைக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றி நிற்க வேண்டியவர்களெனக் கருதப்பட்ட மக்களிலிருந்து வந்த ஒருத்தியின் சார்பில், அரசு வினாவப்பட்டது.

ஆணைக்குழு ஒருபுறம் இயங்க, மறுபுறம் முல்லோயாத் தொழிலாளர் மீதே நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. அவற்றை ஆணைக்குழு விசாரணை முடியும்வரை ஒத்திவைக்கச் செய்யவேண்டுமென உள்நாட்டு அமைச்சராயிருந்த சேர் டி. பி. ஜயதிலக விரும்பினார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி அன்ட்ரூ கால்டெகொட், பொலிஸ் மா அதிபரின் பக்கமே நின்றார். இதனை எதிர்த்து 1940 பெப்ரவரியில் அமைச்சர் அவை முழுவதும் பதவி துறந்தது. பின்னர் இணக்கமேற்பட்டு அமைச்சர்கள் மீண்டனர்.

இந்நிகழ்ச்சித் தொடரை ஒரு பனுவலாகக் கொண்டு கூர்ந்து நோக்குமிடத்து, ஒரு கதை இன்னொரு கதையாக மாறிய விதம் புலனாகும். முதற்கதையின் வினா எளிது: ஒரு கூலித் தொழிலாளியைச் சுட்டது நியாயமா? இரண்டாங் கதையின் வினா வேறு: பொலிசாருக்குக் கட்டளையிடும் அதிகாரம் யாருக்குரியது, சுதேச அமைச்சருக்கா, தேசாதிபதிக்கா? இரண்டாவது வினா எழுந்தவுடன் பத்திரிகைகளும் அரசாங்க சபையும் அதனைப் பற்றிக்கொண்டன. டொனமூர் அரசியலமைப்பின் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாக முல்லோயா வரலாற்று நூல்களில் ஏறியது. அந்நூல்களிற் சிலவற்றில் அமைச்சர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. கோவிந்தன் ஒரு வாக்கியத்தில் வந்து மறைகிறார். அவரது விதவைக்கு வாக்கியமே இல்லை. சுதேச பூர்சுவா வர்க்கம் ஒரு தொழிலாளியின் பிணத்தின்மீது நின்றுகொண்டு தனது அதிகாரப் பங்கைப் பேரம் பேசியது எனக் கூறின் அது மிகையாகாது. இடதுசாரி மரபு கோவிந்தனை மீட்டெடுத்துத் தியாகியாக்கியது உண்மை. ஆயின் அம்மரபும் முறையிட்ட பெண்ணை மீட்டெடுக்கவில்லை. ஆளும் வர்க்கத்தின் வரலாறு அவளைக் கடந்து மேலே சென்றது. நமது வரலாறு அவளைக் கடந்து கோவிந்தனிடம் சென்றது.

3

முல்லோயாவுக்கு மூன்றாண்டுகள் முன்னர், அதே கண்டி மாவட்டத்தில் வேரூன்றிய இன்னொரு வழக்கோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலைபழகிய பிரேஸ்கர்டில் என்னும் இளைஞர், தொழிலாளரின் பக்கஞ் சேர்ந்தமையால் தோட்டத்தை விட்டு நீங்க நேர்ந்தது. சமசமாஜக் கட்சியிற் சேர்ந்த அவர் 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டியிற் கூட்டமொன்றிற் பேசினார். வெள்ளையன் ஒருவனே துரைமாரைக் கண்டித்துப் பேசியதைத் தோட்ட முதலாளிகளாற் பொறுக்க இயலவில்லை. தேசாதிபதி நாடுகடத்தற் கட்டளை பிறப்பித்தார். பிரேஸ்கர்டில் தலைமறைவானார், பின்னர்க் கைதானார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அக்கட்டளை சட்டப்படி செல்லாதெனக் கண்ட நீதிமன்றம் 1937 மே மாதத்தில் அவரை விடுவித்தது. அப்பொழுதும் பொலிஸ் மா அதிபர் பாங்ஸ்தான். உள்நாட்டு அமைச்சரும் ஜயதிலகதான்.

இத்தீர்ப்பு ஆட்சியாளரின் எதேச்சாதிகாரத்துக்கு எதிரான வெற்றி. அதனை வெள்ளையனுக்கு வெள்ளையர் வழங்கிய சலுகையெனத் தள்ளிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் இரு வழக்குகளின் வடிவ வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். பிரேஸ்கர்டிலின் வழக்கில் நீதிமன்றத்தின் முன் நின்றது ஒரு தனிமனிதனின் சுதந்திரம். அவரது பெயர் வழக்கின் பெயராயிற்று. சட்ட நூல்களில் இன்றும் அப்பெயராலேயே அது வழங்குகிறது. முல்லோயாவில் நின்றது ஒரு ‘சம்பவம்’. அது தோட்டத்தின் பெயரைப் பெற்றது. இறந்தவரின் பெயரைப் பெறவில்லை. சட்டம் சிலரைத் தனிமனிதராகவும் சிலரைக் கும்பலாகவும் காண்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் உண்மை. அது தலைப்பிடும் முறையிலேயே பதிந்துகிடப்பதை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன.

4

இனி முறைப்பாடு என்னும் வடிவத்தை நோக்குவோம். பொலிஸ் நிலையத்தில் ஒருவர் முறையிடும்போது அவர் சொல்லச் சொல்ல உத்தியோகத்தர் எழுதுகிறார். எழுதப்படுவது தன்மையிடத்தில் அமைகிறது: ‘நான் இன்ன இடத்தில் வசிக்கிறேன், எனக்கு நடந்தது இது.’ பின்னர் அது வாசித்துக் காட்டப்படுகிறது. முறைப்பாட்டாளர் கையொப்பமிடுகிறார் அல்லது பெருவிரல் அடையாளம் இடுகிறார். ஆக, இவ்வடிவத்தில் ‘நான்’ என்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். முறைப்பாடு ஒரு பொலிஸ் உத்தியோகத்தருக்கு எதிரானதாயின், எழுதுபவர் எதிரியின் சக ஊழியர். தோட்டத் தமிழர் பேசுவது தமிழ். பதிவாவது பெரும்பாலும் சிங்களம். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் மலைநாட்டுப் பொலிஸ் நிலையங்களிற் பேனாவின் மொழி சட்டத்தின் வேகத்துக்கு மாறிவிடவில்லை. தான் வாசிக்க இயலாத மொழியில், தனக்கு எதிரானவரின் தோழர் எழுதிய ‘நான்’ என்னும் சொல்லுக்குக் கீழே ஒருவர் விரலடையாளம் இடும் காட்சியிற் பொதிந்துள்ள முரண்பாடு, எந்த நாவலாசிரியனும் தேடி அலையவேண்டிய முரண்பாடு அன்றோ?

இவ்வடிவத்தின் இலக்கணமும் கவனத்துக்குரியது. ‘துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது’, ‘குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டது’, ‘சம்பவம் இடம்பெற்றது’ என்னும் தொடர்களில் எழுவாய் இல்லை. நமது பத்திரிகைகள் இத்தொடர்களை அப்படியே ஏற்றுக்கொண்டன. வியப்புக்குரியது யாதெனின், பொலிசை எதிர்த்துப் பாடிய கவிதைகளும் இதே இலக்கணத்தில் வீழ்ந்தமையே. குண்டு பாய்ந்தது, இரத்தம் சிந்தியது, மலை சிவந்தது என்று பாடும்போது குண்டும் இரத்தமும் மலையும் எழுவாய்களாகின்றன. சுட்டவர், சுடச் சொன்னவர், பொலிசை அழைத்தவர், வழியமைத்துக் கொடுத்தவர் ஆகிய மனிதர் வாக்கியத்திலிருந்து வெளியேறி விடுகின்றனர். முறைப்பாட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. எத்துணைச் சிதைந்திருப்பினும், ‘இன்னார் என்னை அடித்தார்’ எனப் பெயர் சுட்டி எழுவாயை வாக்கியத்தினுள் மீண்டும் நிறுத்தும் முயற்சியே முறைப்பாடு. அவ்வகையில் நமது எழுச்சிக் கவிதையை விட ஒரு படிப்பறிவற்ற தொழிலாளியின் வாய்முறைப்பாடு யதார்த்தத்துக்கு அணித்தானது.

அண்மைக் காலத்தில் இவ்வடிவத்தினுட் புதிய சாட்சியொன்று புகுந்துள்ளது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் நிகழ்ந்தபோது, பாதுகாப்புக்கு வந்த படையினரிற் சிலரே பள்ளிவாசலிலிருந்தோரைத் தாக்கினர் என முறைப்பாடுகள் எழுந்தன. கண்காணிப்புக் கமராப் பதிவுகளும் வெளிவந்தன. எழுதுபவரின் பேனா மாற்றமுடியாத சாட்சி அது. ஆயினும் கமரா முறையிடாது. அதனை எடுத்துக்கொண்டு போய் முறையிட ஒரு மனிதர் வேண்டும். அவர் மறுநாளும் அதே ஊரில், அதே பொலிஸ் பிரிவில் வாழவேண்டும். முறைப்பாட்டின் வர்க்க உள்ளடக்கம் இங்கேதான் உளது. முறையிடுவதற்கு உண்மை மாத்திரம் போதாது. முறையிட்ட பின்னும் வாழ்வதற்கான நிலம், கூலி, அயலவர் துணை ஆகியன வேண்டும். லயத்து அறையும் வேலையும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்க, அந்நிர்வாகத்தோடு அணுக்கமான பொலிசுக்கு எதிராகத் தொழிலாளி முறையிடுவதென்பது வீட்டையும் வேலையையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும்.

5

சட்டத்தின் வழிகள் எவ்வாறு அமைந்தன என்பதையும் இவ்விடத்து அறிதல் வேண்டும். அதனை அறியாது இலக்கியத்தின் மௌனத்தை விளங்கிக்கொள்ள இயலாது. 1940இல் முடிக்குரிய அரசின்மீது தீங்கியற் பொறுப்புச் சுமத்தி நட்டஈடு கோரச் சட்டம் இடந்தரவில்லை. சுட்ட உத்தியோகத்தரைத் தனிமனிதராகக் கொண்டு வழக்கிடலாம். அவரை ஏவிய அரசு வழக்குக்கு அப்பாற்பட்டது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே தீங்கியல் வழக்கில் அரசைப் பொறுப்பாளியாக்கியது. அதன் பின்னரும், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி, அரசுக்கோ பதவிவழிச் செயலுக்காக உத்தியோகத்தருக்கோ எதிராக வழக்கிடுமுன் ஒரு மாத அறிவித்தல் கொடுத்தாகவேண்டும். மாவட்ட நீதிமன்ற வழக்கு ஆண்டுக் கணக்கில் நீள்வது; நாட்கூலி பெறுபவர் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்கூலியை இழந்தே நீதிமன்றப் படியேறுகிறார்.

1978இன் அரசியலமைப்பு சித்திரவதையை முற்றாகத் தடைசெய்து, அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் நேரே மனுச் செய்ய வழிவகுத்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும். நீதிமன்றமோ கொழும்புப் புதுக்கடையில் உளது. ஹேவாஹெட்ட மலைச்சரிவிலிருந்து அங்கு செல்லும் வழி நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அதனைவிட நீண்டது சட்டத்தரணியின் கட்டணத்துக்குள்ள தூரம். 1994இன் சித்திரவதைக்கெதிரான சட்டம் குற்றவாளிக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையை விதித்தது. 1996இன் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவை அமைத்தது. குறித்த காலத்துக்குள் அங்கு முறையிட்டு விசாரணை நடைபெறுமாயின், அக்காலம் ஒரு மாத எல்லையிற் கணக்கிடப்படுவதில்லை. 2001இன் பதினேழாவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை அரசியலமைப்பிற் சேர்த்தது. ஆட்சிகள் மாறுந்தோறும் அதன் அதிகாரம் குறைந்தும் கூடியும் வந்துள்ளது. இவை யாவும் மேலிருந்து இரங்கி வழங்கப்பட்டவை அல்ல. முறையிட்டோரும் அவர்களுக்காக வாதிட்டோரும் பெற்றுத் தந்தவை இவை.

பெற்றதை ஆட்சியாளர் எவ்வாறு வெறுமையாக்குவர் என்பதற்கு 1983ஆம் ஆண்டு இரு சான்றுகளைத் தந்தது. பொதுசன வாக்கெடுப்புக் காலத்தில் பௌத்த பிக்குகளின் துண்டுப் பிரசுரங்களைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றிய பொலிஸ் அத்தியட்சர் உடுகம்பொல 10,000 ரூபாய் நட்டஈடு வழங்கவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு அளித்து, நட்டஈட்டை அரச நிதியிலிருந்து செலுத்த முடிவுசெய்தது. அதே ஆண்டு, மகளிர் தினத்தன்று விவியன் குணவர்தன கைது செய்யப்பட்டமை சட்டவிரோதமெனக் கண்ட நீதிமன்றம் 2,500 ரூபாய் நட்டஈடு விதித்தது. உத்தியோகத்தர் பதவி உயர்வு பெற்றார். தீர்ப்பளித்த நீதியரசர்களின் இல்லங்களின் முன்னே கும்பலொன்று கூச்சலிட்டது. நாற்பதாண்டுகள் கழிந்து, 2023 டிசம்பரில், சித்திரவதை வழக்கொன்றிற் பொறுப்பாளியெனக் காணப்பட்டு ஐந்து இலட்சம் ரூபாய் செலுத்தும்படி பணிக்கப்பட்ட தேசபந்து தென்னக்கோன், 2024 பெப்ரவரியிற் பொலிஸ் மா அதிபராகவே நியமிக்கப்பட்டார். இவ்விடத்து வரலாறு முன்னையபடியே திரும்பவில்லை. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பதவியில் இயங்குவதைத் தடுத்தது. 2025 ஆகஸ்டிற் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. 1983இல் தீர்ப்பளித்தோர் அச்சுறுத்தப்பட்டனர். இம்முறை தீர்ப்பைப் பொருட்படுத்தாதோர் பின்வாங்க நேர்ந்தது. இவ்வேறுபாட்டை உண்டாக்கியவை இடைப்பட்ட காலத்து மக்கள் இயக்கங்களும், ஆண்டுக் கணக்காக மனம் தளராது வழக்குகளைக் கொண்டுசென்ற முறைப்பாட்டாளருமே.

6

இத்துணைப் பெரிய சமூக அனுபவம் நமது இலக்கியத்தில் எவ்வாறு இடம்பெற்றுள்ளது? மலையக எழுத்தின் முன்னோடியான சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதியாகவும் இலக்கியவாதியாகவும் வாழ்ந்தவர். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவர். அவரது ‘வீடற்றவன்’ நாவல் தோட்டத்திற் சங்கம் அமைக்க முயல்வோன் வீடிழந்து நிற்கும் நிலையைப் பொருளாகக் கொண்டது. தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1970களில் தோட்ட நிலப் பறிப்பை எதிர்த்த தொழிலாளரின் போராட்டத்தைச் சித்திரித்தது. இவை மலையக நாவலின் மைல்கற்கள் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் தோட்டத்து அதிகாரப் படிநிலையை மலையக எழுத்தாளர் அகத்தேயிருந்து அறிந்து எழுதினர். கங்காணியின் பேச்சிலுள்ள ஏற்ற இறக்கம்வரை அவர்கள் எழுத்திற் காணலாம். பொலிசைப் பொறுத்தவரையில் இவ்வகநோக்கு வாய்க்கவில்லை. பொலிஸ் நமது கதைகளிற் பெரும்பாலும் ஜீப்பில் வந்திறங்கும், அடிக்கும் அல்லது சுடும், கதை முடியும். இயற்கையின் சீற்றம் போல அது வெளியிலிருந்து வருகிறது. வெள்ளப் பெருக்கின்மீது யாரும் வழக்கிடுவதில்லை.

குறையின் வேரைத் தேடின், அது எழுத்தாளரின் தனித்திறமை பற்றியதன்று என்பது தெளிவாகும். நமது முற்போக்கு இலக்கியக் கோட்பாடு எழுச்சிக் கணத்தையே கதையின் உச்சமாகக் கருதப் பழக்கியது. கூட்டாகத் திரளும் மக்களே வரலாற்றின் நாயகர் என்னும் சரியான கொள்கையிலிருந்து, தனியாக நின்று மனு எழுதும் மனிதன் நாயகனல்லன் என்னும் தவறான முடிவு பெறப்பட்டது. மனு எழுதுபவன் அரசை நம்புகிறவன், ஆகவே அரசியல் விழிப்பற்றவன் என ஓர் இளக்காரமும் கூடச் சேர்ந்தது. இதனால் நீதிமன்ற வாயிலிற் காத்திருக்கும் மாதங்கள் கதைப்பொருளாகத் தகுதி பெறாதொழிந்தன.

குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தராயிருந்து, கண்டிக் கச்சேரியிலும் கடமையாற்றிய லெனாட் வூல்ப், 1913இல் வெளியிட்ட நாவலில் அம்பாந்தோட்டைப் பகுதிக் கிராமத்தவன் விளங்காத மொழியில் நடைபெறும் வழக்கின் முன் நிற்பதை ஒரு முக்கிய கட்டமாக அமைத்தார். நீதிமன்றம் ஏழைக்கு எத்தகைய காடு என்பதை அந்நாவல் உணர்த்தியது. ஆயின் அங்கே கிராமத்தவன் ஊழுக்கு உட்பட்டவன்; அவனைப் பேசவைக்கும் நோக்கு வூல்பிடம் இல்லை. ஆட்சியாளரின் நாற்காலியிலிருந்து பார்த்தவர் அந்த அளவுக்கு வந்தார்; முறையிடுவோரின் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அதற்கப்பாற் சென்றிருக்க வேண்டும்.

தமிழில் அது இயலாத செயலன்று என்பதற்குத் தமிழகம் சான்று தருகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓட்டோச் சாரதியான மு. சந்திரகுமார், ஆந்திரத்துப் பொலிஸ் காவலில் தாம் பட்ட துன்பத்தை ‘லாக்கப்’ என்னும் பெயரில் 2006இல் நூலாக்கினார். அதனைத் தழுவி 2015இல் ‘விசாரணை’ திரைப்படம் வெளிவந்தது. இங்கே ‘நான்’ என்பவரும் எழுதுபவரும் ஒருவரே. முறைப்பாட்டு வடிவத்தில் தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்ட பேனாவை இலக்கியம் மீட்டுக் கொடுத்த நிகழ்ச்சி அது. கடலூர் மாவட்டத்தில் 1993இல் பொலிஸ் காவலில் மாண்ட பழங்குடித் தொழிலாளியின் மனைவி தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு, 2021இல் ‘ஜெய் பீம்’ திரைப்படத்துக்குப் பொருளாயிற்று. வழக்கறிஞர் நாயகராகிவிட்டார் என்று அதனைக் குறைகூறலாம். ஆயினும் இறந்தவனின் கதை அங்கே முறையிட்ட பெண்ணின் கதையாக விரிந்தது என்பதை மறுத்தல் இயலாது. முல்லோயா விதவைக்கு நாம் செய்யத் தவறியது இதுவே.

7

சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி. அதன் வாயிலிற் காத்திருப்போரைப் பாடுவது சீர்திருத்த மயக்கமாகாதா என்பார் உளர். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மேலே காட்டிய 1983இன் பதவி உயர்வுகள் அவ்வினாவுக்கு வலுவூட்டுகின்றன. ஆனால் மார்க்ஸ் தம் இளமையில், 1842இல், விறகு பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கிய சட்டத்தைப் பற்றி எழுதியபோது சட்டத்தை ஒரு சொல்லால் ஒதுக்கிவிடவில்லை. காட்டு முதலாளியிடம் ஊதியம் பெறும் காவலனே இழப்பின் பெறுமதியை மதிப்பிடுபவனாகவும் அமைவதை அவர் பிரிவு பிரிவாக எடுத்து ஆராய்ந்தார். எதிரியின் சக ஊழியர் முறைப்பாட்டை எழுதும் நமது பொலிஸ் நிலையம் அக்காட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லை. ஆங்கில மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் கொடிய வேட்டைச் சட்டமொன்றை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் தெளிவாக்கினார். சட்டம் வர்க்க ஆதிக்கத்தை நியாயப்படுத்துவதற்காகவேனும் ஓரளவு நியாயமாக நடந்துகொள்ள நேர்கிறது. அந்த ஓரளவே ஆள்வோரின் கையையும் கட்டுகிறது. அடக்கப்பட்டோர் போராடுவதற்குரிய களமாகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் விதவை நின்றதையும் ஹேவாஹெட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்ததையும் ஒரே போராட்டத்தின் இரு முனைகளாகக் காணுதலே வரலாற்றுப் பொருள்முதல்வாதத்துக்கு இசைவானது. வேலைநிறுத்தமும் கிளர்ச்சியும் இல்லையேல் ஆணைக்குழுவே இல்லை. ஆணைக்குழு இல்லையேல் தோட்ட முதலாளி பொலிஸ் உறவு சாட்சியாகப் பதிவாகியிருக்காது.

நமது மரபும் இதற்குத் துணைநிற்கிறது. தமிழின் தலைசிறந்த காப்பியமொன்றின் மையத்தில் நிற்பது ஒரு பெண்ணின் முறைப்பாடே. விசாரணையின்றி அரச காவலராற் கொல்லப்பட்டவனின் மனைவி அரண்மனை வாயிலுக்குச் செல்கிறாள். சான்றுப் பொருளை முன்வைக்கிறாள். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் ஒரே வினாவில் வழக்கை வெல்கிறாள். மட்டக்களப்புப் பிரதேசக் கண்ணகி கோயில்களிற் படிக்கப்பெறும் நூலுக்குக் கண்ணகி வழக்குரை என்றே பெயர் வழங்குவதை மனங்கொள்க. மக்கள் அவள் கதையை வழக்காகவே நினைவிற் கொண்டனர். கண்டி நகரிலும், தலதா மாளிகைக்கு அருகே, அவளே பத்தினித் தெய்வமாகத் தேவாலயங் கொண்டிருக்கிறாள். சிங்களவரும் தமிழரும் அவளை வழிபடுகின்றனர். நமது எழுச்சி இலக்கியம் கண்ணகியிடமிருந்து மதுரையை எரித்த தீயை எடுத்துக்கொண்டது. அத்தீக்கு முன்னே அவள் வழக்குரைத்தாள் என்பதை விட்டுவிட்டது. வழக்குரைத்து வென்றமையினாலேயே அத்தீக்கு நியாயம் பிறந்தது.

8

இவ்வாராய்ச்சியினின்று பெறப்படுவன இரண்டு. முதலாவது, ஆக்க இலக்கியம் பற்றியது. மலையக யதார்த்தவாதம் தோட்டத்தின் படிநிலையை எழுதிய நுட்பத்தோடு பொலிஸ் நிலையத்தின் வாங்கையும், முறைப்பாட்டுப் புத்தகத்தையும், நீதிமன்றத் தவணையையும், நட்டஈட்டுக்குப் பின் வரும் அச்சத்தையும் எழுதக் கற்றல் வேண்டும். அங்கே அதிகாரம் ஆரவாரமின்றி நாள்தோறும் இயங்குகிறது. துப்பாக்கி பத்தாண்டுக்கொரு முறை வெடிக்கலாம். பேனா ஒவ்வொரு நாளும் எழுதுகிறது.

இரண்டாவது, பல்கலைக்கழகம் சார்ந்த நமது கடமை. 1976 நவம்பரிற் பேராதனை வளாகத்தினுள்ளேயே பொலிசார் சுட்டதில் வீரசூரிய என்னும் மாணவர் உயிரிழந்தார். இது நமக்குப் புறத்தேயுள்ள பொருளன்று. ஆணைக்குழு அறிக்கைகள், சாட்சியங்கள், நீதிமன்றப் பதிவுகள் ஆகியவற்றை வரலாற்று மாணவரும் சட்ட மாணவரும் பயில்கின்றனர். தமிழ் மாணவர் பயில்வதில்லை. கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் பதிப்பித்த துறை, தோட்டத்து மக்களின் வாக்குமூலங்களையும் மனுக்களையும் தொகுத்துப் பதிப்பிக்கத் தயங்கவேண்டியதில்லை. அவை எவ்வாறு சொல்லப்பட்டன, எவ்வாறு எழுதப்பட்டன, இடையில் எவை வழுவின என ஆராய்வது பாடபேத ஆராய்ச்சியே அன்றி வேறன்று. எழுத்தறியா மக்களின் உரைநடை வரலாறு அங்கிருந்தே தொடங்கக்கூடும்.

முல்லோயாவிற் கோவிந்தன் எவ்வாறு இறந்தார் என்பதை நமது இலக்கியம் பதிவுசெய்துவிட்டது. அவருக்காக முறையிட்டவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதை எழுதும்போதே அப்பதிவு நிறைவுறும். இன்றும் மலைநாட்டுப் பொலிஸ் நிலையமொன்றின் வாங்கிற் காத்திருப்பவர்களுக்கு அவ்வெழுத்து தேவைப்படுகிறது.